நீலக் கட்டத் துண்டு

எங்கள் வீட்டில் தையல் மெசினுக்குப் பின்னால் ஒரு யூரியாப் பை இருந்தது. அம்மா துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள் எல்லாம் அதற்குள்தான் போகும். ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் இருந்தவர்களுக்கு அம்மாதான் உடுப்புத் தைத்துக் கொடுத்தார். தையல்காரி துணி களவெடுக்கிறாள் என்று எவரும் வாய் திறந்துவிடக்கூடாது என்பதில் அம்மாவுக்குக் கடும் பிடிவாதம். மிஞ்சின துண்டுகளைச் சுருட்டி, அதே துணியின் கரையைக் கிழித்துக் கட்டி, தைத்த உடுப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். "உதைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய, நீரே வைச்சிரும்" என்று வந்தவர்கள் சொன்னால் மட்டும்தான் அந்தச் சுருட்டு பைக்குள் விழும். அப்படிச் சொல்லாதவர்கள் குறைவு என்பதால் பை கழுத்துமுட்ட நிறைந்திருந்தது. எங்களிடம் இருந்த ஒரே ஆதனம் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து வருகிற சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றன. சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று போய், கடைசியில் நூற்கட்டையும் நின்றது. புதுத்துணி எடுத்துத் தைக்கிற நினைப்பு எவருக்கும் இல்லை. அம்மாவுக்கோ கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஒரு நாள் காலை அந்தப் பையை விறாந்தையில் கவிழ்த்துக் கொட்டினார். "மாரிக்கு முந்தி இதிலை ஒரு போர்வை தைப்பம்" என்றார்.

அப்பா கதிரையில் இருந்தபடி, "பிச்சைக்காரன்ரை மூட்டை மாதிரி இருக்கும்" என்றார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரிக்கிற வேலை எனக்கு வந்தது. வழுக்குகிற நைலோன் துணிகளை ஒரு பக்கம் எறியவேண்டும், அவை ஊசிக்குள் அடங்காது. பருத்தித் துணிகளை நிறத்துக்கு நிறம் குவிக்கவேண்டும். விரல் அகலம்கூடத் தேறாதவை தலையணைக்குள் போகும். வெள்ளைத் துணியில் நீளமாகக் கிடைத்தவற்றை அம்மா திரித்துத் திரித்து ஜாம்போத்தல் விளக்குகளுக்குத் திரியாக்கினார். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த பிறகு எல்லா வீட்டிலும் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு எரிக்கிற ஜாம்போத்தல் விளக்குத்தான். மிச்சம் எல்லாவற்றையும் பிஸ்கற் பெட்டியின் மட்டையை அளவாக வைத்துச் சதுரமாக வெட்டினோம். நான் சோக்கட்டியால் கோடு போடுவேன், அம்மா பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவார். அந்தக் கத்தரிக்கோலைத் தொட எனக்கு உரிமை இல்லை. தொட்டால் என்ன நடக்கும் என்பதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருந்தேன்.

எனக்கு அந்த வேலை தேர்த் திருவிழாவைப் போல இருந்தது. ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று சொல்வதில் எனக்கும் அம்மாவுக்கும் போட்டி. பள்ளிக்கூடத்து ரீச்சரின் சட்டை, மீன் விற்க வருகிறவரின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கன்று போட்ட சட்டை, தபால்காரரின் காற்சட்டை. எங்கள் ஒழுங்கையில் வேலிச் சண்டை பிடித்துப் பல காலமாக முகம் பார்க்காத இரண்டு வீடுகள் இருந்தன. அந்த இரண்டு வீட்டுப் பெண்களின் சட்டைத் துண்டுகளையும் அம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். "இனிக் கிடந்து பிடுங்குப்படட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அந்த நாட்களில் சிரிப்பதே அருமை.

சிரிப்பு அருமையானதற்குக் காரணம் அண்ணை.

முந்தின வருஷத் தேருக்கு அண்ணைக்கும் அத்தானுக்கும் அம்மா ஒரே துணியில் சேட்டுத் தைத்தார். அத்தான் மாமியின் மகன். மாமி அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. மாமா நான் பிறக்க முன்னரே இறந்துபோனார். மாமிக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை. அண்ணையும் அத்தானும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், ஒரே நேரத்தில் பசிக்கும். அத்தான் என்னைக் காணும்போதெல்லாம், "சீதனத்துக்கு உந்தத் தையல் மெசினைத் தருவியளோ?" என்று கேட்பார். நான் அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடுவேன். சேட்டும் ஒரே மாதிரி வேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். மாமியும் அம்மாவும் சேர்ந்துபோய் நீலக் கட்டத் துணி ஒன்றை இரண்டு சேட்டுக்கும் காணுகிற அளவில் ஒரே துண்டாக எடுத்துவந்தார்கள். அம்மா துணியை இரண்டாக மடித்து விரித்து, மேலே ஒரு தரம் கோடு போட்டு, இரண்டு சேட்டையும் ஒன்றாக வெட்டினார். கழுத்துக்கும் கைக்கும் விழுந்த துண்டுகளும் சோடி சோடியாகவே விழுந்தன. மாமி அவற்றைப் பார்த்துவிட்டு, "எது என்ரை, எது உம்மடை எண்டு ஆருக்குத் தெரியும் மச்சாள், உம்மட்டையே கிடக்கட்டும்" என்றார்.

தேர் முடிந்து சில மாதங்களில், கணக்கு ரியூசனுக்கு என்று அந்தச் சேட்டுகளைப் போட்டுக்கொண்டு போன இரண்டுபேரும் வரவில்லை. வாசிகசாலைச் சுவரில் சாத்திக் கிடந்த சைக்கிளை யாரோ உருட்டிக்கொண்டுவந்து தந்தார்கள். அப்பா உடனே அலுமாரியைத் திறந்து அல்பத்தை எடுத்தார். அண்ணையின் படங்கள் ஒன்றும் இல்லை. பசை ஒட்டின மூலைகள் மட்டும் இருந்தன. மாமி வீட்டிலும் அப்படியே. சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போகிற பெடியள், ஆமியின் கையில் அகப்படும் என்று தங்கள் படத்தை வீட்டில் விட்டுவைக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. படங்களை ஸ்ரூடியோவில் பெருப்பிக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆகவே பையைக் கொட்டிய அன்று அந்த நீலக் கட்டத் துண்டுகள் வெளியே வந்தபோது, அம்மா வேலையை நிறுத்திவிட்டு அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். சதுரமாக வெட்டக்கூடிய அளவில் ஒரே ஒரு சோடிதான் தேறியது. ஒன்றைப் போர்வையின் நடுவிலும் மற்றதைக் கரையிலும் வைத்துத் தைத்தார். போர்வையைப் பார்க்க வந்த மாமி வேறு எந்தத் துண்டையும் பார்க்கவில்லை. நேரே நடுவில் விரலை வைத்தார். "இஞ்சை பாரும், பெடியள் ரெண்டுபேரும் இஞ்சை நிக்கிறாங்கள். நடுவிலை நிக்கிறவன் என்ரை, கரையிலை கிடக்கிறவன் உம்மடை" என்றார்.

"ஏன், என்ரை பிள்ளை கரையிலையோ கிடக்கவேணும்?" என்று அம்மா கோபிப்பதுபோலக் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பாராமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

போர்வைக்கு உள்ளே அப்பாவின் பழைய சாரங்கள், அடிப்பக்கத்துக்குக் கோதுமை மாச்சாக்கின் வெள்ளைத் துணி. தைத்து முடித்துச் சில நாட்கள்கூட அதைப் போர்த்திப் படுக்கவில்லை, ஊரை விட்டு ஓடவேண்டி வந்தது. ஆமி இறங்கிவிட்டது என்றார்கள். அம்மா போர்வையைக் காப்பாற்றவேண்டும் என்று எடுக்கவில்லை. மெசினின் தலையைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுபோக ஏதாவது தடிப்பான துணி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். வேலணையைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடந்த அந்த நீட்டுப் பாலத்தால் புங்குடுதீவுக்குப் போனோம். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமியின் மற்றக் கையில் ஒன்றும் இல்லை. அடுப்பில் சோறு கொதிக்க விட்டுவிட்டு வந்தவர் அவர்.

குறிகட்டுவானுக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை விட்டார்கள். ஒரு வகுப்பறைக்குள் நாலைந்து குடும்பம். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை நிமிர்த்தி வைத்து மறைப்புக் கட்டினோம். மறைப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமி. பகலில் அம்மா போர்வையை முற்றத்துக் கம்பியில் வெயிலுக்குப் போடுவார். எங்கள் ஊர்ச் சனங்கள் அதைச் சுற்றி நின்று தங்கள் துண்டுகளைத் தேடிப் பிடிப்பார்கள். "இது என்ரை கலியாண வீட்டுக்குத் தைச்சது" என்பார் ஒருவர். உடுத்த உடுப்போடு வந்தவர்கள் அவர்கள். வீட்டில் விட்டுவந்த அலுமாரியைப் பற்றி அந்தப் போர்வைக்கு முன்னால் நின்று கதைப்பார்கள். வேலிச் சண்டைக்காரர் இருவரும்கூட ஒரு நாள் ஒன்றாக நின்று பார்த்தார்கள், அப்போதும் பேசவில்லை. மாமி மட்டும் எல்லோரும் போன பிறகு வருவார். நடுத் துண்டைத் தடவுவார், பிறகு கரைத் துண்டையும் ஒருமுறை தடவுவார். பிள்ளைகளுக்குப் பண்டம் கொடுக்கிறவர்கள் ஒருவரை விட்டு ஒருவருக்குக் கொடுக்கமாட்டார்களே, அப்படி.

வாடைக்காற்றுத் தொடங்கின பிறகு ஒரு மத்தியானம் இயக்கத்துப் பெடியள் இரண்டுபேர் சைக்கிளில் வந்து மாமியைக் கேட்டார்கள். மாமி எழும்பி நின்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார்கள். மாமி கத்தவில்லை. கத்தினது என் அம்மாதான். அத்தான் செத்துப்போனார். உடம்பை எடுக்க ஏலாமற் போய்விட்டது என்றார்கள். அவர்கள் திரும்பும்போது அம்மா ஓடிப்போய்ச் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தார்.

"தம்பி, மற்றவன்? இவனோடை போனவன்?"

"அவர் வேறை இடம் அம்மா. எங்களுக்குத் தெரியாது."

அம்மா ஹாண்டிலை விடவில்லை. அப்பா வந்து ஒவ்வொரு விரலாகக் கழற்றவேண்டி இருந்தது.

செத்த வீட்டில் எட்டுச்செலவு என்று ஒன்று செய்வோம். எட்டாம் நாள், போனவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்து இலை போட்டு, அவருடைய படத்தையும் அவர் உடுத்தின உடுப்பையும் வைத்துப் படைப்பது. படைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். மாமியிடம் படம் இல்லை. உடுப்பு எல்லாம் ஊரில், ஊர் ஆமியிடம். படையலுக்கு இரண்டு நாள் இருக்க, மாமி மறைப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். மடித்துக் கிடந்த போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சாள், ஒண்டு கேப்பன், குறை நினையாதையும். அவன்ரை எண்டு வைக்க என்னட்டை ஒண்டும் இல்லை. உந்தப் போர்வையிலை அந்தத் துண்டு..."

அவர் முடிக்க முன்னரே அம்மா நூல் வெட்டுகிற பிளேட்டைத் தேட எழும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, இப்போது நினைத்தாலும் அந்தக் கோபம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. குளிர் தொடங்குகிற நேரம் போர்வையின் நடுவில் ஓட்டை போடப் போகிறார்கள். நான் அல்லவா அதன் கீழ் படுப்பவள்! கரையில் இருக்கிறதைக் கொடுத்தால் என்ன, இரண்டும் ஒரே துணிதானே? நான் அப்படியே கேட்டேன். "கரையிலை இருக்கிறதைக் குடுங்கோவன் அம்மா."

அம்மாவின் கை நின்றது. நடுத் துண்டின் ஒரு பக்கத்து நூல் அதற்குள் கழன்றுவிட்டது. அவர் கழன்ற ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கரைத் துண்டைப் பார்த்தார். போர்வையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பினார், விரலால் நெருடினார், மூக்கில் வைத்து மணந்துகூடப் பார்த்தார். அப்பா அம்மாவின் பக்கத்தில் குந்தி மெல்லச் சொன்னார்.

"இஞ்சேரும், வடிவாய்ப் பாத்துக் கழட்டும். மாறிக்கீறி எங்கடை பெடியன்ரையைக் குடுத்துப்போடாதையும். உசிரோடை இருக்கிறவன்ரை உடுப்பைப் படையலிலை வைக்கக்கூடாது."

"நான் ரெண்டையும் ஒண்டாய் எல்லோ வெட்டினனான்" என்றார் அம்மா. "எனக்குத் தெரியேல்லை. எனக்குத் தெரியேல்லையப்பா."

அவர்கள் மெல்லத்தான் பேசினார்கள். ஆனால் ஒரு வகுப்பறைக்குள் நாலைந்து குடும்பம் இருக்கிற இடத்தில் மெல்லப் பேசுவது என்று ஒன்று இல்லை. அம்மா பிளேட்டைத் திரும்பப் பிடித்தார். முகம் வேர்த்திருந்தது. கொடுக்காமல் விடுகிற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை, அதை நான் இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் பிளேடு நூலுக்குக் கிட்டப் போய்ப் போய்த் திரும்பியது.

மறைப்போடு நின்று எல்லாவற்றையும் கேட்ட மாமி வந்து அம்மாவுக்கு முன்னால் இருந்தார். போர்வையைத் தன் மடிக்கு இழுத்தார். நடுத் துண்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"இது அவன்ரை இல்லை மச்சாள்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அவன்ரை கட்டம் இதைவிடப் பெரிசு. நிறமும் கடும் நீலம். இது வேறை ஆரின்ரையோ துணி, நான் அண்டைக்குப் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். ரெண்டும் இல்லை, இதுவும் இல்லை, கரையிலை கிடக்கிறதும் இல்லை. நீர் உதைத் தையும். பிள்ளை குளிருக்குப் படுக்கிறதெல்லே."

"இல்லை மாமி! இதுதான், நானெல்லோ பிரிச்சனான்" என்று நான் தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டேன். மாமி எழும்பித் தன் பக்கம் போனார். அம்மா அன்று பின்னேரம் கழற்றின பக்கத்தைத் திரும்பத் தைத்தார். வேறு நிற நூல்தான் இருந்தது, ஆகவே தையல் கோடு கோடாகத் தெரிந்தது.

அந்தப் போர்வை பிறகு எங்களோடு இன்னும் பல இடங்களுக்கு ஓடியது. அதிலிருந்து ஒரு துண்டும் எவருக்காகவும் கழற்றப்படவில்லை. அண்ணை வரவில்லை. அவர் இல்லை என்று எவரும் வந்து சொல்லவும் இல்லை. அம்மா சாகும்வரை அவருக்கு எட்டுச்செலவும் செய்யவில்லை, செய்யவேண்டும் என்று சொன்னவர்களோடு பேசவும் இல்லை.

எட்டாம் நாள் வகுப்பறையின் கரும்பலகைக்குக் கீழே இலை போட்டார்கள். பலகையில் யாரோ ஒரு வாத்தியார் போட்ட பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. அத்தானுக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். எங்கள் ஊர்ச் சனங்கள் எங்கெங்கோ அலைந்து கணவாய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வேலிச் சண்டைக்காரர் இருவரும் ஒரே சட்டியில் தேங்காய்ப்பால் விட்டுக் கிளறினார்கள். சோறு, கறி, ஒரு வாழைப்பழம், ஜாம்போத்தல் விளக்கு. படமும் உடுப்பும் வைக்கிற இடத்தில் மாமி ஒன்றும் வைக்கவில்லை. அந்த இடத்தைக் கையால் கூட்டித் துடைத்துவிட்டு அப்படியே விட்டார். அம்மா சுவரோடு சாய்ந்து இருந்தார். அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது, ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவரைப் போல இருந்தார். எங்கள் அம்மா ஒருவரின் துண்டைக்கூடக் கேளாமல் எடுக்காதவர்.

படைத்து முடிந்து பிள்ளைகளை இருத்தினார்கள். கனநாளின் பின் வாய்க்கு ருசியான சாப்பாடு, நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். மாமிதான் கறி விட்டுக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்தபோது எனக்கு அவரில் இரக்கமாக இருந்தது. சொந்த மகனின் சேட்டு எது என்றே தெரியாமற் போய்விட்டதே, பாவம், நான் சொல்லிக்கொடுப்போம் என்று நினைத்தேன்.

"மாமி," என்று காதுக்குள் சொன்னேன், "நடுவிலை இருக்கிறது அத்தான்ரைதான். நீங்கள்தானே அண்டைக்குத் தொட்டுக் காட்டினனீங்கள்."

மாமி அகப்பையைச் சட்டிக்குள் விட்டார். அவர் அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஓம் குஞ்சு," என்றார். "அவன்தான். கொம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதை."

நான் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. நான் பொய் சொன்னால் தொடையில் கிள்ளு விழும். பெரிய ஆட்கள் ஒரு துண்டுத் துணிக்காக இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா கறி விட்டுக்கொண்டு போகலாம். ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இன்னும் ஒரு துண்டு கணவாய் வேண்டும் என்றேன். மாமி சட்டிக்குள் தேடிப் பெரிய துண்டாக எடுத்துப் போட்டார்.